இது எந்த ஊர் ஆடு?

"இது எந்த ஊர் ஆடு?" என்று கறிக்கடையில் ஒருவர் கேட்டால், கடைக்காரர் என்ன பதில் சொல்வார்? முன்பெல்லாம் பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்துக் கிராமங்களில் இந்தக் கேள்விக்கே வேலை இல்லை. மேய்த்தவர், அறுத்தவர், வாங்கியவர் எல்லாருமே பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான்.

1960களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. ஜனங்கள் பெருகினார்கள். உள்ளூர் ஆடு போதவில்லை. ஆந்திராவிலிருந்து லாரியில் ஆடு வந்தது. பிற்பாடு ராஜஸ்தானிலிருந்து அறுத்த கறியே ரயிலில் வந்தது. பட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே கை பல மாறிப்போச்சு.

ஆட்டுத்தொட்டியில் கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரை குத்துவதை அறிவீர்கள். கறி சாப்பிடத் தகுந்தது என்பதற்கு அந்த முத்திரை சாட்சி. ஆனால் ஆடு எங்கே பிறந்தது, யார் வளர்த்தது என்று அது சொல்லாது.

இதனால் வந்த வினையைக் கேளுங்கள். 2018 நவம்பர் 17ஆம் தேதி, ஜோத்பூரிலிருந்து ரயிலில் வந்த 2,000 கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சியை எழும்பூர் நிலையத்தில் பிடித்தார்கள். பார்சலில் மீன் என்று பதிவாகியிருந்ததாகச் செய்தி வந்தது. வால் நீளமாக இருந்ததைப் பார்த்து, "நாய்க்கறி" என்று பேச்சு கிளம்பியது. சில நாட்களில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வு செய்து, அது ஆட்டுக்கறிதான் என்று சொல்லிவிட்டது. ராஜஸ்தான் ஆடுகளில் நீண்ட வால் உண்டு, அவ்வளவுதான்! ஆனால் அதற்குள் ஊரெல்லாம் கறி வாங்கப் பயந்தது. தப்பே செய்யாத கடைக்காரருக்கும் வியாபாரம் படுத்தது. வந்த இடத்தைச் சொல்லும் ஒழுங்கான சீட்டு ஒன்று இருந்திருந்தால், வதந்திக்கு அன்றைக்கே பதில் கிடைத்திருக்கும்.

வெளிநாட்டாரும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1996இல் இங்கிலாந்தில் பைத்திய மாட்டு நோய் மனிதருக்கும் பரவக்கூடும் என்று தெரிந்ததும் மாட்டுக்கறி விற்பனை சரிந்தது. அதன் பிறகு 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் சட்டம் போட்டன. மாடு எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே அறுத்தது என்று மூன்றையும் சீட்டில் எழுத வேண்டும் என்றார்கள். 2015 முதல் ஆடு, பன்றி, கோழி இறைச்சிக்கும் வளர்ந்த நாட்டையும் அறுத்த நாட்டையும் எழுதுகிறார்கள்.

ஊர்ப்பெயர் சொன்னால் நமக்கு என்ன லாபம் என்கிறீர்களா? மத்தியப் பிரதேசம் ஜாபுவாவின் கடக்நாத் கருங்கோழி இறைச்சிக்கு, அதே 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோழியோடு சேர்ந்து ஊருக்கும் பெயர் வந்தது.

நம்மிடமும் பெயர் சொல்லும் இனம் இருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் 'சென்னை சிவப்பு' செம்மறி ஆடுதான் அது. பழுப்புச் சிவப்பு நிறம். கிடாவுக்கு முறுக்குக் கொம்பு, பெட்டைக்குக் கொம்பு கிடையாது. இந்த மண்ணின் வெயிலுக்கும் மேய்ச்சலுக்கும் பழகிய ஆடு. ஆனால் கடையில் தோலுரித்துத் தொங்கவிட்ட பிறகு, இதையும் வெளியூர் ஆட்டையும் யார் பிரித்துச் சொல்ல முடியும்? எழுத்து ஒன்றுதான் சொல்லும்.

ஆகவே இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். ஆட்டுக்குக் காதில் வில்லை மாட்டி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குட்டி பிறந்த தேதி, ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரி நோய்க்கும் தடுப்பூசி போட்ட தேதி, குடற்புழு மருந்து கொடுத்த தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்று டாக்டரைக் கேட்டு அதையும் குறியுங்கள். விற்கும்போது இந்த விவரத்தை ஒரு சீட்டில் எழுதி வாங்குபவரிடம் கொடுங்கள்.

சட்டம் வரட்டும், பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். நாளைக்கு மறுபடியும் ஒரு வதந்தி கிளம்பினால், "இது இன்னார் பட்டி ஆடு, இந்த ஊர் ஆடு" என்று கடைக்காரர் தைரியமாகச் சொல்லட்டும். அந்தப் பேச்சு உங்கள் ஆட்டின் விலையையும் காப்பாற்றும்.