கட்டாது

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கோ.

'அஃபோர்டபிலிட்டி' என்ற ஆங்கிலச் சொல் இப்போது எல்லா அறிக்கைகளிலும் வருகிறது. வீடு, மருந்து, சாப்பாடு, இணையம் எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் அளக்கிறார்கள். தமிழில் 'வாங்கும் இயலுமை' என்று எழுதுகிறோம். பரீட்சைத் தாளுக்கு அது போதும். ஆனால் அச்சுவேலிச் சந்தையில் அப்படி ஒருவரும் கதைப்பதில்லை. அங்கே சொல் 'கட்டாது'. கொஞ்சம் நீட்டினால் 'கட்டுப்படியாகாது'.

கவனித்துப் பாருங்கோ. வெங்காயம் வாங்க வந்த அக்கா, "கட்டாது அண்ணை, குறையுங்கோ" என்பா. வெங்காயம் கொண்டுவந்த ஐயாவும், "உந்த விலைக்குக் கட்டாது பிள்ளை" என்பார். ஆங்கிலச் சொல் வாங்குபவரின் பையை மட்டும் பார்க்கிறது. எங்கள் சொல் விற்பவரின் செலவையும் பார்க்கிறது. இலங்கையின் விலை வரலாற்றை இந்த ஒரு சொல்லை வைத்தே படிப்பிக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

1953 ஐ எடுங்கோ. பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதம். கொரிய யுத்தத்தோடு உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. கூடிய விலைக்கு வாங்கி 25 சதத்துக்குக் கொடுக்கத் திறைசேரிக்குக் கட்டவில்லை. விலையை ஒரேயடியாக 70 சதமாக்கினார்கள். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தினார்கள். சனத்துக்குக் கட்டவில்லை. ஓகஸ்ட் 12 இல் இடதுசாரிக் கட்சிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தன, தமிழரசுக் கட்சியும் ஆதரவு கொடுத்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பாடப்புத்தகத்தில் இது அரசியல் பாடமாக வருகிறது. அதற்குள் இருந்தது 45 சதம்.

அடுத்தது எங்கள் பக்கத்துக் கதை. 1970 இல் வந்த சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கியது. தெற்கில் பாணுக்கு வரிசை, ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோகவும் தடை. வலிகாமத்தின் செம்மண்ணிலோ தோட்டம் செய்தவர்களுக்கு வாழ்நாளில் காணாத விலை. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்கள் மண்வெட்டி எடுத்தார்கள், வன்னிக்கும் போய் மிளகாய் நட்டார்கள். வெங்காயக் காசில் எழும்பிய கல்வீடுகளைப் பற்றி இங்கே வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். 1977 இல் ஜே.ஆர். வந்து இறக்குமதியைத் திறந்துவிட்டார். கொழும்பில் செத்தல் மிளகாய் மலிந்தது, இங்கே தோட்டம் கட்டாமல் போனது. அந்த ஏழு வருடத்தைப் பொற்காலம் என்பவரும் பஞ்ச காலம் என்பவரும் ஒரே நாட்டில் இருக்கிறார்கள். அவரவர் நின்ற இடத்திலிருந்து இரண்டும் உண்மைதான்.

மூன்றாவது பக்கம் ஒன்று இருக்கிறது. அதைக் கூலியாளின் பக்கம் என்று சொல்லலாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு எங்கள் சமூகம் புத்தளத்துக்குப் போனது. கடை வைத்திருந்தவர்களும் தையல் செய்தவர்களும் கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போனார்கள். பெண்கள்தான் அதிகம். கூலிக்கு ஆட்கள் கூடியதால் கூலி குறைகிறது என்று அவ்வூர்க் கூலியாட்களுக்கு மனக்குறை, அதிலும் நியாயம் இருந்தது. மலிவான வெங்காயத்துக்குள் அந்தக் கூலியும் இருந்தது. அதே வருடங்களில் இங்கே பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய்க்கு அறா விலை. எங்களோடு படிப்பிக்கும் அச்சுவேலி ஆசிரியர்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்ததைச் சொல்லுவார்கள்.

இங்கே மார்க்கத்திலிருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வசதி உள்ளவர் மீது ஹஜ் கடமை. அந்த வசதியை 'இஸ்திதாஆ' என்கிறோம். கையில் பயணக் காசு இருந்தால் மட்டும் அது வசதியாகிவிடாது. கடனைக் கழித்து, திரும்பி வரும்வரை வீட்டாரின் செலவைக் கழித்து, மிஞ்சுவதில்தான் பயணம். வெங்காயத் தோட்டக்காரரின் கணக்கும் கிட்டத்தட்ட இதுதான். இங்கே சின்ன வெங்காயத்தை வெங்காயத்தை நட்டே விளைவிக்கிறார்கள். அடுத்த போகத்துக்கு விதை வெங்காயம் கட்டித் தூக்கி வைத்த பிறகு மிஞ்சுவதுதான் சந்தைக்கு. வீட்டுக் கஷ்டத்தில் விதையையும் விற்றுவிட்டால் அன்றைக்குக் கையில் காசு இருக்கும், ஆனால் அதை யாரும் 'கட்டியது' என்று சொல்லமாட்டார்கள்.

கடைசியாக 2022. முதல் வருடம் இரசாயன உரத்தைத் தடை செய்து, ஏழு மாதத்துக்குள் திரும்பப் பெற்றிருந்தார்கள். பிறகு டொலர் ஏறியது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை, தோட்டத்துக்குத் தண்ணீர் கிணற்றிலிருந்துதான். முந்தித் துலா மிதித்து இறைத்த இடத்தில் இப்போது மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரம். எண்ணெய் நாலு மடங்கானால் ஒவ்வொரு இறைப்பும் நாலு மடங்கு. நகரத்தில் வெங்காய விலையைக் கேட்டு வாயில் கைவைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது, விலைச் சீட்டில் அது எழுதியிருப்பதில்லை. பலர் நடும் பரப்பைக் குறைத்தார்கள். சம்பளக்காரர்களான நாங்கள் வாங்கும் வெங்காயத்தைக் குறைத்தோம்.

அரசாங்கத் தமிழில் 'கட்டுப்பாட்டு விலை', 'உத்தரவாத விலை', 'சகாய விலை' என்று எத்தனையோ சொல் இருக்கிறது. முதலாவது வாங்குபவருக்கு, இரண்டாவது விளைவிப்பவருக்கு. மூன்றாவது ஆருக்கு என்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை!

மன்னார், கிண்ணியா, கல்முனை, மலையகப் பக்கம் 'கட்டாது' என்பதற்கு என்ன சொல்வீர்கள்? விற்பவரும் வாங்குபவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்களா? கீழே எழுதுங்கோ, பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.