குட்ரிச் கோட்டை

குட்ரிச் கோட்டை, இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டுஷியரில், வை ஆற்றுப் பள்ளத்தாக்கின் பாறை முகடு ஒன்றில் நிற்கும் இடைக்காலக் கோட்டையின் இடிபாடு. வேல்ஸ் எல்லைப் பகுதியில், ஆற்றைக் கடக்கும் துறை இதன் பார்வையில் இருந்தது. கீழ்நோக்கி ஓடும் வை, அடர்ந்த காடுகளின் ஊடே வளைந்து செல்கிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இவ்விடம் 'காட்ரிக்கின் கோட்டை' என வழங்கியது; அதுவே மருவி குட்ரிச் ஆயிற்று. அந்நூற்றாண்டின் நடுவில் சாம்பல் நிறக் கல்லால் சதுரமான நடுக்கோபுரம் எழுந்தது. 1204இல் ஜான் மன்னர் கோட்டையை வில்லியம் மார்ஷலுக்கு அளித்தார். இன்று காணும் மதில்களும் மூலைக் கோபுரங்களும் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் டி வேலன்ஸ் காலத்தவை. பாறையைக் குடைந்து அகழி வெட்டினார்கள். வெட்டியெடுத்த சிவந்த மணற்கல்லே மதிலாக ஏறியது. கோபுரங்கள் அடியில் சதுரம், மேலே உருளை. இரண்டும் சேரும் இடத்தில் மூலைகள் பிரமிடுபோலச் சரிந்து சுவரோடு ஒட்டுகின்றன.

முற்றுகை

உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்பின் சர் ஹென்றி லிங்கென் கோட்டைக்குள் இருந்தார். 1646இல் நாடாளுமன்றப் படையின் கர்னல் ஜான் பிர்ச் முற்றுகையிட்டார். இதற்கென்றே உள்ளூரில் வார்த்த 'ரோரிங் மெக்' என்னும் குட்டைக்குழாய் பீரங்கி வெடிகுண்டுகளை மதிலுக்கு மேலாக எறிந்தது. ஜூலை இறுதியில் கோட்டை பணிந்தது. மறுபடி அரணாகப் பயன்படாதபடி, மறு ஆண்டு நாடாளுமன்ற ஆணைப்படி அதைச் சிதைத்தார்கள்.

பயணிகளின் வருகை

அரணாகச் செத்த கோட்டை, காட்சியாகப் பிழைத்தது. 18ஆம் நூற்றாண்டில் ராஸ் நகரிலிருந்து செப்ஸ்டோவுக்கு ஆற்றோடு படகில் போவது பரவலான உல்லாசப் பயணம்; குட்ரிச் அதில் முக்கியமான நிறுத்தம். வில்லியம் கில்பின் 1770இல் இவ்வழியே சென்று, 1782இல் வெளியிட்ட நூல் இந்தப் பயணத்துக்குப் பெரும் புகழ் தேடித்தந்தது. 1793இல் இங்கே கண்ட ஒரு சிறுமியின் நினைவில்தான் வேர்ட்ஸ்வொர்த் பின்னர் 'வீ ஆர் செவன்' கவிதையை எழுதினார்.

1920இல் அரசின் பராமரிப்புக்கு வந்த கோட்டையை இப்போது இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு பேணுகிறது. கோட்டையைத் தாக்கிய ரோரிங் மெக்கும் அங்கேயே பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது.