நிருபமா ராவ்

நிருபமா ராவ் (பிறப்பு: 6 டிசம்பர் 1950, மலப்புறம், கேரளம்) இந்திய இராஜதந்திரி. 1973 இல் குடிமைப் பணித் தேர்வில் முதலிடம் பெற்று வெளியுறவுச் சேவையில் சேர்ந்தார். சீன விவகார நிபுணர் என்றே பெரிதும் அறியப்படுகிறார். ஆனால் கொழும்புத் தமிழர்களுக்கு அவர், 1983 இல் தமிழருக்கு எதிராக நடந்த கறுப்பு யூலை வன்முறையின் சாட்சிகளில் ஒருவர்.

1981 முதல் 1983 வரை கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தில் முதற் செயலாளராக இருந்தார். 1983 யூலை 24 இரவு பொரளையில் மூண்ட வன்முறை மறுநாள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பரவியது. வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டிலக்கம் பார்த்துத் தமிழரைத் தேடிவந்தன. உடுத்த துணியோடு ஓடியவர்களால் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமான நிலையமும் நிரம்பி வழிந்தன. இந்திய வெளிவிவகார அமைச்சர் பி. வி. நரசிம்ம ராவ் கொழும்பில் இருந்த 29 ஆம் திகதியும், விடுதலைப் புலிகள் நகருக்குள் நுழைந்துவிட்டார்கள் என்ற வதந்தி கிளம்பித் தமிழர்கள் கொல்லப்பட்டனர்.

டில்லி திரும்பியபின் கிழக்காசியப் பிரிவில் பணியாற்றினார். 1988 டிசம்பரில் ராஜீவ் காந்தியுடன் பீஜிங் சென்ற குழுவில் இருந்தார். 2001 இல் வெளியுறவு அமைச்சின் முதல் பெண் பேச்சாளரானார்.

2004 இல் உயர்ஸ்தானிகராகக் கொழும்புக்கு மீண்டும் வந்தார். அது வழக்கமான நியமனம் அல்ல. கோப்புகளைப் படித்து அறிய முடியாததை அவர் முன்பே கண்ணால் கண்டிருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் சுனாமி வந்தது. இந்தியக் கடற்படைக் கப்பல்கள் உடனடியாகத் திருகோணமலைக்கும் காலிக்கும் விரைந்தன. 2005 ஓகஸ்ட் 12 இல் இலங்கை வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான 2002 இன் போர்நிறுத்தம் கண்முன்னே தேய்ந்துகொண்டிருந்தது.

2006 இல் சீனாவுக்கான இந்தியாவின் முதல் பெண் தூதரானார். 2008 மார்ச்சில் திபெத்தியர் போராட்டங்களின்போது, சீன வெளியுறவு அமைச்சு அவரை அதிகாலை 2 மணிக்கு அழைத்தது. டில்லியில் திபெத்தியர்கள் ஆர்ப்பாட்டம் செய்யத் திட்டமிட்டதாகக் கூறப்பட்ட இடங்களின் பட்டியல் அவரிடம் கொடுக்கப்பட்டது. 2009 ஓகஸ்ட் முதல் 2011 யூலை வரை வெளியுறவுச் செயலாளர். அப்பதவியை வகித்த இரண்டாவது பெண். இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு அந்நாட்டின் வடக்குக்கு நேரில் சென்று பார்த்தார். அங்கு இந்தியாவின் 50,000 வீட்டுத் திட்டம் பேசப்பட்ட காலம் அது. வெளியுறவுச் செயலாளர் பதவிக்குப் பின் 2013 வரை அமெரிக்காவில் தூதராக இருந்தார்.

இந்தியா, திபெத், சீனா ஆகியவற்றின் 1949–1962 கால உறவை ஆராயும் அவருடைய நூல் 2021 இல் வெளிவந்தது. கவிதையும் எழுதுவார், பாடுவார். தெற்காசிய நாடுகளின் இசைக்கலைஞர்களை ஒரே மேடையில் அமர்த்தும் சிம்பொனி அமைப்பொன்றையும் ஓய்வுக்குப் பின் நிறுவினார்.