பிராடர்–வில்லி கூட்டறிகுறி: வயதுவந்தோருக்கான ஹார்மோன் சிகிச்சை

பிராடர்–வில்லி கூட்டறிகுறி, தந்தைவழி வரும் 15ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி செயல்படாததால் உண்டாகும் அரிய மரபணுக் கோளாறு. சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் பிராடர், லாப்ஹார்ட், வில்லி ஆகியோர் 1956இல் இதை விவரித்தனர். அடங்காப் பசி, தசைத் தளர்ச்சி, குட்டையான உடல்வாகு, பாலின வளர்ச்சிக் குறைவு ஆகியவை முக்கிய அறிகுறிகள்.

வளர்ச்சி ஹார்மோன்: அமெரிக்காவில் 2000இல் இக்கோளாறுள்ள குழந்தைகளுக்கு அனுமதிக்கப்பட்டது. எலும்பு வளர்ச்சி முடிந்துவிட்ட பெரியவர்களுக்கு இதனால் உயரம் கூடாது. தசையைக் கூட்டிக் கொழுப்பைக் குறைப்பதே நோக்கம். பேனா போன்ற ஊசியால் தினமும் இரவில் தொடையிலோ வயிற்றிலோ தோலுக்கடியில் போட்டுக்கொள்வார்கள். வழக்கமாக 0.1–0.2 மி.கி.யில் தொடங்கி, ரத்தத்தில் ஐஜிஎஃப்-1 என்னும் ஹார்மோனின் அளவைப் பார்த்து மருந்தைக் கூட்டுவர். ஊசி பசியை அடக்காது. எனவே, அளவுமீறி உண்பதைத் தடுக்க உணவு அலமாரிக்குப் பூட்டு தொடர்ந்து தேவைப்படும்.

பாலின ஹார்மோன்: ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன், பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் தரப்படுகின்றன, இவை எலும்பின் உறுதியையும் காக்கும்.

எச்சரிக்கை: கடும் உடற்பருமன், கட்டுப்படாத நீரிழிவு, சிகிச்சை பெறாத தீவிர உறக்க மூச்சுத்தடை, புற்றுநோய் உள்ளவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் தரப்படுவதில்லை.