அமெரிக்காவில் டிப்ஸ் தர்மம் அல்ல, கூலி



பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வரும் நம்மவர்கள், "சாப்பாட்டுக்குத்தான் பணம் கொடுத்தாச்சே, டிப்ஸ் வேறு எதற்கு?" என்று கேட்கிறார்கள். வரலாற்று வாத்தியார் பதில் சொல்லத்தானே வேண்டும்!

1865-இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் புல்மேன் கம்பெனி தன் ரயில் படுக்கைப் பெட்டிகளில் வேலைக்கு வைத்தது. சம்பளம் சொற்பம், பயணிகள் தரும் டிப்ஸை நம்பித்தான் குடும்பம். பயணிகளோ அவர்களைச் சொந்தப் பெயரால்கூடக் கூப்பிடவில்லை. முதலாளி ஜார்ஜ் புல்மேனின் பெயரால் எல்லாரையும் 'ஜார்ஜ்' என்றே அழைத்தார்கள். 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கண்டு, 12 ஆண்டுகள் போராடிய பிறகே கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

ஆனால் அந்த வழக்கம் ஒழியவில்லை. 1966-இல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. டிப்ஸைக் காட்டி முதலாளி கூலியைக் குறைக்கலாம். மத்தியச் சட்டப்படி அவர் கையிலிருந்து தரவேண்டியது மணிக்கு 2.13 டாலர்தான், 1991 முதல் அதே தொகை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் மட்டும் முழுக்கூலி உண்டு.

ஆகவே பில்லில் சேவைக் கட்டணம் சேர்க்காதிருந்தால், 15 முதல் 20 சதவீதம் வைத்துவிட்டு எழுந்திருங்கள். பரிமாறியவர் பெயரையும் கேட்டு, பெயர் சொல்லி நன்றி கூறுங்கள்.