இரண்டரை நிமிடத்தில் ஒரு வேட்டை நாயை எடைபோட முடியுமா? ஜெர்மன் ஒயர்ஹேர்டு பாயின்டரும் டாக் ஷோ நடுவரும்

டாக் ஷோ வீடியோ ஒன்றாவது உங்கள் டைம்லைனில் வந்து போயிருக்கும். பச்சைக் கம்பளம், சுற்றிலும் கூட்டம், கோட் சூட் போட்ட நடுவர். வரிசையில் நிற்கும் நாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருகிறார். ஒரு நாயிடம் வந்ததும் குனிந்து, அதன் முதுகு முடிக்குள் விரல்களை விட்டுத் துழாவுகிறார். அப்புறம் தொடை. அப்புறம் நெஞ்சடி. முடியை எதிர்த்திசையில் தள்ளிப் பார்க்கிறார்.

அந்த நாய் பார்க்க அப்படியொன்றும் அழகு கிடையாது. தாத்தா மாதிரி தாடி, கண்ணுக்கு மேல் புதர் மாதிரி புருவம், பாத்திரம் தேய்க்கிற நார் போலச் சொரசொரப்பான உடம்பு. இதுதான் ஜெர்மன் ஒயர்ஹேர்டு பாயின்டர். ஜெர்மனியில் இதன் பெயர் டாய்ச் டிராட்ஹார். 'டிராட்' என்றால் கம்பி, 'ஹார்' என்றால் முடி. கம்பிமுடி நாய்.

அந்த முடிக்குள் நடுவர் எதைத் தேடுகிறார்? டாக் ஷோ ஒரு அழகிப் போட்டி என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் இது புரியாது. இந்த நாயின் கதையில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒரே நாய், எல்லா வேலையும்

1848 புரட்சிக்கு முன்னால் ஜெர்மன் நிலப்பகுதிகளில் வேட்டை என்பது பெரும்பாலும் பிரபுக்களின் உரிமை. பறவையைக் காட்டிக்கொடுக்க ஒரு நாய், முயலைத் துரத்த வேறொன்று, அடிபட்ட மானின் ரத்தத் தடம் பிடிக்க இன்னொன்று என்று தனித்தனியாக வளர்க்க அவர்களுக்கு வசதி இருந்தது. அந்தச் சலுகை போனபிறகு சாதாரண நில உரிமையாளர்களும் துப்பாக்கி எடுத்தார்கள். அவர்களால் ஒரு பட்டாளத்துக்குச் சோறு போட முடியாது. வயல், காடு, குளம் மூன்றிலும் வேலை செய்கிற ஒரே நாய் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

'ஹெகவால்ட்' என்ற புனைபெயரில் எழுதிய ஒரு பிரபு இந்த யோசனையைப் பிரபலப்படுத்தினார். கிரிஃபோன், பூடல்பாயின்டர், ஸ்டிச்சல்ஹார், ஷார்ட்ஹேர்டு பாயின்டர் என்று பல இனங்களைக் கலந்து இந்த நாயை உருவாக்கினார்கள். 1902-ல் இதற்கென்று தனிச் சங்கமே தொடங்கப்பட்டது. வேலையைச் சரியாகச் செய்கிற நாய்களையே இனப்பெருக்கத்துக்கு எடுத்துக்கொண்டே போனால் உருவம் தானாக அமையும் என்பதுதான் அந்தச் சங்கத்தின் அடிப்படைக் கொள்கை. முதலில் திறமை, பிறகுதான் தோற்றம். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற சண்டை முழுக்க இதைப் பற்றித்தான்.

'பாயின்டர்' என்ற பெயர் எதற்கு? புல்லுக்குள் பதுங்கியிருக்கும் பறவையின் வாசம் கிடைத்ததும் இந்த நாய் பாயாது, குரைக்காது. அப்படியே சிலையாகி நிற்கும். பெரும்பாலும் ஒரு முன்னங்கால் தூக்கியபடி, மூக்கு பறவை இருக்கும் திசையில். வேட்டைக்காரருக்கு அதுதான் சிக்னல்.

நடுவர் எதோடு ஒப்பிடுகிறார்?

பக்கத்தில் நிற்கும் நாயோடு அல்ல. ஒரு ஆவணத்தோடு. ஒவ்வொரு இனத்துக்கும் 'பிரீட் ஸ்டாண்டர்ட்' என்று எழுதிவைத்த வரையறை ஒன்று இருக்கிறது. சர்வதேச நாய் வளர்ப்பு அமைப்பான எஃப்.சி.ஐ. (நம்ம ஊர் உணவுக் கழகம் இல்லை, இது 1911-ல் தொடங்கியது, தலைமையகம் பெல்ஜியத்தில்) இந்த இனத்துக்குக் கொடுத்திருக்கும் ஸ்டாண்டர்ட் எண் 98. ஆண் நாய் என்றால் தோள் உயரம் 61 முதல் 68 சென்டிமீட்டர், பெண் என்றால் 57 முதல் 64. உடலின் நீளமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் 3 சென்டிமீட்டர் வரை பரவாயில்லை.

அமெரிக்காவின் ஏ.கே.சி. இந்த இனத்தை 1959-ல் அங்கீகரித்தது. அங்கே வேறு ஸ்டாண்டர்ட், அளவுகளும் கொஞ்சம் வேறு. ஏ.கே.சி. நடுவர்கள் மணிக்கு சுமார் 25 நாய்களைப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. வகுத்துப் பாருங்கள்: ஒரு நாய்க்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. பல் பார்க்கணும், உடம்பைத் தடவணும், நடக்க வைக்கணும், ஓட வைக்கணும். நாயின் பெயரும் பரம்பரையும் அச்சடித்திருக்கும் கேட்டலாக்கை முன்கூட்டியே புரட்டவும் கூடாது. அந்தச் சில நிமிடங்களில் எதிரில் நிற்கும் நாய் மட்டும்தான் கணக்கு.

முடி ஒரு யூனிஃபார்ம்

இந்த இனத்தில் நடுவரின் கை முதலில் முடிக்குப் போவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நாய் முள்புதருக்குள் நுழைய வேண்டும், குளிர்காலத்தில் ஏரியில் குதித்துச் சுடப்பட்ட வாத்தை எடுத்து வர வேண்டும். அதற்கான பாதுகாப்பு உடைதான் இந்த முடி.

இரண்டு அடுக்கு. மேலே இருப்பது கம்பி போல விறைப்பான, உடலோடு படிந்த முடி. எஃப்.சி.ஐ. கணக்கில் நீளம் சுமார் 2 முதல் 4 சென்டிமீட்டர். முள் கிழிக்காமலும் தண்ணீர் ஊடுருவாமலும் பார்ப்பது இதன் வேலை. அடியில் இருப்பது அடர்த்தியான மெல்லிய முடி. உடம்புச் சூட்டை வெளியே விடாது. நடுவர் விரலால் எதிர்த்திசையில் தள்ளும்போது மேல்முடி விறைப்பாக எதிர்க்கிறதா, உடனே பழைய நிலைக்குப் படிகிறதா, அடியில் நெருக்கமாக ஒரு மெத்தை தட்டுப்படுகிறதா என்று பார்க்கிறார். கண்ணால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கை வைத்தே ஆகணும்.

முடி ரொம்பக் குட்டையாக இருந்தால் முள் குத்தும். ரொம்ப நீளம் என்றால் சேறும் விதைகளும் ஒட்டும், பனிக்காலத்தில் ஐஸ் கட்டிக்கொள்ளும். பஞ்சு மாதிரி மிருதுவாக இருந்தால் தண்ணீரை உறிஞ்சி ஈரப் போர்வையாகிவிடும். அதனால்தான் மிருதுவான, கம்பளி போன்ற முடியைக் கடுமையான குறையாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அமெரிக்க ஸ்டாண்டர்ட். தாடியும் புருவமும்கூட அலங்காரம் இல்லை. புதருக்குள் முகத்தை விடும்போது கண்ணையும் வாயையும் காப்பாற்றுவதற்கு. அதே சமயம், முடி அடர்த்தியாக இருந்தாலும் உடலின் வெளிக்கோடு தெரிய வேண்டும்.

இங்கேதான் தில்லுமுல்லுக்கும் வாய்ப்பு. கம்பிமுடி நாய்களுக்கு 'ஹேண்ட் ஸ்ட்ரிப்பிங்' செய்வார்கள்: செத்த முடியைக் கையால் பிடுங்கி எடுப்பது. சரியாகச் செய்தால் புதிய கம்பிமுடி நன்றாக முளைக்கும். மெஷின் போட்டு வெட்டினால் காலப்போக்கில் முடி மிருதுவாகி, நிறமும் மங்கும். திறமையான ஒரு குரூமர் நினைத்தால், அவ்வளவாகக் கம்பித்தன்மை இல்லாத முடியையும் செதுக்கி, தூரத்தில் இருந்து பார்க்க அசல் போலவே காட்டிவிட முடியும். முடியின் தன்மையையோ நிறத்தையோ மாற்றும் எந்தப் பொருளையும் பூசக் கூடாது என்று எஃப்.சி.ஐ. விதி சொல்கிறது. ஆனால் கத்தரிக்கோலுக்கு எதிராக நடுவரிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அவருடைய விரல்கள்தான்.

சரி, முடி விஷயத்தில் ஏன் இவ்வளவு கறார்? அது சுலபமாகக் கைநழுவிப் போகும் குணம். 2009-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மூன்று மரபணுக்கள் தீர்மானிப்பதாகக் காட்டியது. அதில் தாடி, புருவம், கம்பித்தன்மை ஆகியவற்றுக்குக் காரணமான மரபணு வடிவம் ஓங்கு வகையைச் சேர்ந்தது. அதாவது பெற்றோர் ஒருவரிடம் இருந்து வந்தாலே போதும். அப்போ தாய், தந்தை இரண்டுமே தாடியோடு இருந்தாலும், இருவரிடமும் அந்த வடிவம் ஒற்றைப் பிரதியாக இருந்தால், தாடியே இல்லாத வழவழப்பான குட்டியும் பிறக்கலாம்.

உடம்பின் மற்ற இடங்கள்

முடியைப் போலவே மற்றவற்றுக்கும் காரணம் உண்டு. கண் இமை இறுக்கமாக இருக்க வேண்டும். தொங்கினால் வயலில் ஓடும்போது புல்விதை உள்ளே போகும். வாயில் 42 பற்களும், மேல்வரிசை கீழ்வரிசையைக் கத்தரிக்கோல் போலத் தொட்டபடி இருக்க வேண்டும். வேட்டைப் பொருளைத் தூக்கிவருவது வாய்தானே. மார்பு ஆழமாக இருந்தால்தான் நாள் முழுக்க ஓட மூச்சு கிடைக்கும்.

பிறகு நடை. நாய் நடுவரை விட்டு நேராகப் போய், திரும்பி வந்து, வட்டமாக ஓடும். முன்பக்கம் எவ்வளவு தூரம் எட்டி வைக்கிறது, பின்னங்கால் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதைப் பார்ப்பார்கள். அடிக்கு அடி சக்தியை வீணடிக்கும் நாய் மாலைக்குள் களைத்துவிடும்.

வால் ஒரு தனிக் கதை. வேட்டையில் புதரில் அடிபட்டுக் கிழியாமல் இருக்க, குட்டியிலேயே வாலைப் பாதியாக வெட்டும் வழக்கம் இருந்தது. பல நாடுகள் இப்போது அதைத் தடை செய்துவிட்டன. ஜெர்மனியில் வேட்டை நாய்களுக்கு விலக்கு உண்டு. இங்கிலாந்தில் இன்னும் சுவாரசியம்: வேலை செய்யும் நாய்க்கு வால் வெட்டலாம், ஆனால் 2007 ஏப்ரல் 6-க்குப் பிறகு வால் வெட்டப்பட்ட நாயை, கட்டணம் வாங்கிப் பார்வையாளர்களை அனுமதிக்கும் ஷோவில் காட்டக் கூடாது, வேலைத் திறனைக் காட்டும் நிகழ்ச்சி என்றால் மட்டும் விலக்கு. ஆக, குட்டி பிறந்த சில நாட்களிலேயே உரிமையாளர் முடிவெடுக்கணும்: இவனுக்கு வயலா, ரிங்கா?

கம்பளத்தில் தெரியாத விஷயம்

இப்போது முக்கியமான கேள்வி. இந்த நாயின் மூக்கு எவ்வளவு கூர்மை? துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பயப்படுமா? குளிர்ந்த தண்ணீரில் இறங்குமா? அடிபட்ட விலங்கை விடாமல் தேடுமா? இதில் எதையுமே ரிங்கில் பார்க்க முடியாது. உங்கள் அலுவலகத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, நேரில் பார்த்த தோரணையை மட்டும் வைத்து ஆஃபர் லெட்டர் கொடுப்பது போலத்தான் இது.

ஜெர்மன் சங்கம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இளம் நாய்க்கு வசந்த காலத்தில் ஒரு தேர்வு: முயல் தடம் பிடிப்பது, மோப்பம், பாயின்ட் செய்வது. இலையுதிர் காலத்தில் அடுத்த தேர்வு. அதில் தண்ணீர் வேலையும் சேரும். அதற்கும் மேலே, இரண்டு நாள் நடக்கும் முழுத் தேர்வு ஒன்று இருக்கிறது. தேர்வுகளோடு இடுப்பு எலும்பு எக்ஸ்ரேயும் கேட்கிறார்கள். ஷோ நடுவர் உருவத்துக்கு ஒரு தரம், முடிக்கு ஒரு தரம் என்று தனித்தனியாகக் கொடுப்பார். எல்லாம் சரியாக இருந்தால்தான் இனப்பெருக்க அனுமதி. அழகு மட்டும் இருந்து தேர்வில் தோற்றால் அந்த நாயின் வம்சம் அதோடு நின்றுவிடும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. ஏ.கே.சி. ஷோவில் 15 புள்ளிகள் சேர்த்துச் சாம்பியன் ஆக, ஒரு பறவையைக்கூடக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வேட்டைத் தேர்வுகளும் அங்கே உண்டு, இரண்டிலும் ஜெயித்தால் 'டூயல் சாம்பியன்' பட்டமும் உண்டு. ஆனால் அது கட்டாயமில்லை. விளைவு, ஒரே நாட்டுக்குள் இரண்டு உலகம். ஜெர்மன் விதிப்படி வளர்க்கிறவர்கள் அமெரிக்காவிலும் ஜெர்மன் சங்கத்தின் கிளையில் பதிந்துகொண்டு, தங்கள் நாயை டிராட்ஹார் என்றுதான் சொல்வார்கள். 'ஒயர்ஹேர்டு பாயின்டர்' என்று சொன்னால் முகம் சுளிப்பவர்களும் உண்டு.

எனக்குப் பிடித்தது பிரிட்டிஷ்காரர்களின் சமரசம். அங்கே வேட்டை நாய் மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் மூன்று சேலஞ்ச் சர்ட்டிஃபிகேட் வாங்கினால் 'ஷோ சாம்பியன்' ஆகிறது. களத்திலும் தகுதி காட்டினால்தான் முன்னால் இருக்கும் 'ஷோ' என்ற வார்த்தை நீங்கி, வெறும் 'சாம்பியன்' ஆகும். பட்டத்தில் ஒரு சொல் அதிகம் இருப்பது பெருமை இல்லை, குறை. பொதுவாக நாய்க் கண்காட்சியின் பிறந்தநாளாகச் சொல்லப்படும் 1859 நியூகாசில் ஷோவே பாயின்டர், செட்டர் என்ற வேட்டை நாய்களுக்காக நடந்ததுதான். பரிசு கோப்பை இல்லை, துப்பாக்கி.

அப்படியானால் ரிங் வேஸ்ட்டா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வயலில் பிரமாதமாக ஓடும் நாய்க்கு இமை தொங்கலாம், பல் குறையலாம், முடி மிருதுவாக இருக்கலாம். வேட்டைக்காரர் ஆர்வத்தில் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் விடுவார். வெளியாள் ஒருவர், நாயின் பெயரோ புகழோ தெரியாமல், கை வைத்துப் பார்த்து எழுதித் தருவதற்கு மதிப்பு உண்டு. எஃப்.சி.ஐ. முறையில் நடுவர் பொதுவாக ஒவ்வொரு நாய்க்கும் எழுத்தில் கருத்து தர வேண்டியிருப்பது நல்ல பழக்கம். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று காகிதத்தில் இருந்தால் அடுத்த ஜோடி சேர்க்கும்போது உதவும்.

நம்ம நாட்டில்?

சென்னையில் தலைமையகம் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, எஃப்.சி.ஐ.யுடன் இணைந்த அமைப்பு. ஆனால் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இந்த நாயை அதன் அசல் வேலையில் வைத்துச் சோதிக்க வழியில்லை. இங்கே ஒரு டிராட்ஹார் ரிங்குக்கு வந்தால், நடுவர் பார்ப்பது வேலைக்கே போக முடியாத நாயின் யூனிஃபார்மை மட்டும்தான்.

நம்முடைய ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கும் இதே சிக்கல்தான். முயல் துரத்திய கால்கள் அவை. அந்த வேலை போய்விட்டது, இப்போது அவற்றின் உருவத்தைக் காப்பதில் ரிங்குக்கும் பெரிய பங்கு இருக்கிறது. காலின் நீளம், அடிவயிற்றின் ஒடுக்கம் என்று ஸ்டாண்டர்டில் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் எதற்காக இருந்தது என்று தெரிந்த நடுவர் கையில் அந்த நாய் வேறு மாதிரிப் பார்க்கப்படும்.

அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வந்தால் நாயைப் பார்க்காதீர்கள், நடுவரின் கையைப் பாருங்கள். தாடிக்கார நாயிடம் வரும்போது தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு அடுத்ததுக்கு நகர்கிறாரா, இல்லை முடியை எதிர்த்திசையில் தள்ளி ஒரு நொடி நிற்கிறாரா என்று.