தூங்கிய சட்டம்

யாரும் சீண்டாத சட்டம் தானே செத்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இங்கிலாந்திலே ஒரு வழக்கு அந்த நினைப்பைப் பொய்யாக்கியது.

1817 மே மாதம். பர்மிங்ஹாமை அடுத்த ஓர் ஊரில் இரவு நடனத்துக்குப் போன மேரி ஆஷ்ஃபோர்டு, மறுநாள் காலை ஒரு குட்டையில் பிணமாகக் கிடந்தாள். வயது இருபது. கடைசியாக அவளுடன் நடந்து போனவன் ஆபிரகாம் தார்ன்டன். ஜூரிகள் அவனை விடுதலை செய்தார்கள். ஊரார் மனம் ஒப்பவில்லை. கொலையுண்டவரின் வாரிசு மீண்டும் வழக்குத் தொடரலாம் என்ற பழைய விதியைத் தேடிப் பிடித்து, மேரியின் சகோதரன் வில்லியத்தை முன்னே நிறுத்தினார்கள்.

ஏடு புரட்டுவது ஒரு தரப்புக்கு மட்டும் சொந்தமா, என்ன? நவம்பரில், லண்டன் நீதிமன்றத்திலே, தார்ன்டன் ஒரு கையுறையைத் தரையில் வீசி வில்லியத்தைச் சண்டைக்கு அழைத்தான்! கதையில் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

நார்மானியர் கொண்டுவந்த வழக்கம் அது. இருவர் மோதினால் நியாயமுள்ளவன் பக்கம் கடவுள் நிற்பார் என்ற நம்பிக்கை. நெருப்பிலும் நீரிலும் சோதிக்கும் சடங்குகளை நடத்தப் பாதிரிமாருக்கு 1215-லேயே ரோமாபுரியில் கூடிய திருச்சபைச் சங்கம் தடை விதித்தது, அவை மறைந்தன. துவந்த யுத்தம் பாதிரியார் இல்லாமலே நடக்கக்கூடியது, ஏட்டிலே தங்கிவிட்டது.

யாரும் ரத்து செய்யாததால் அது இன்னும் சட்டமே என்று 1818 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. தார்ன்டன் கட்டுமஸ்தான கொத்தன்; வில்லியமோ மெலிந்த இளைஞன். சண்டைக்கு அவன் இசையவில்லை. தார்ன்டன் வெளியே வந்தான்.

1819-ல் பார்லிமெண்டு துவந்த யுத்தத்தோடு, வில்லியம் நம்பி வந்த உரிமையையும் சேர்த்தே ஒழித்தது. அதற்குள் தார்ன்டன் அமெரிக்காவுக்குக் கப்பலேறியிருந்தான். மேரி எப்படி இறந்தாள் என்பது இன்றுவரை தீர்ந்தபாடில்லை.